லூச்சியானோ பவரோட்டி

லூச்சியானோ பவரோட்டி (அக்டோபர் 12, 1935 – செப்டம்பர் 6, 2007) இத்தாலி நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற ஒப்பேரா பாடகர் ஆவார். ஒப்பேரா என்பது கதைமாந்தரின் உரையாடல் பெரும்பாலும் பாடலாகவே அமையும் மேலைநாட்டு இசைநாடக வடிவமாகும். இவரது குரல் தெனோர் எனப்படும் உயர்ந்த ஆண்குரல் வகையைச் சேர்ந்தது. ஒப்பேரா அரங்கினுள் ஒருமுறையேனும் நுழைந்திராத மக்களும் இவரது குரலை அறிந்திருந்தனர்.

இளமைக் காலம்

பவரோட்டி வட இத்தாலியின் மொதேனா நகரில் பிறந்தார். தந்தை பெர்னாண்டோ ரொட்டி சுடும் தொழிலாளி. நல்ல குரல்வளம் கொண்டவர். தாயார் சுருட்டு ஆலையில் பணிபுரிந்தார். 1955 ஆம் ஆண்டில் தந்தையும் மகனும் உறுப்பினராக இருந்த மொதேனா ஆண்கள் பாடகர் குழு, வேல்சில் உள்ள லாங்கொலன் நகரில் நடைபெற்ற பன்னாட்டு இசை விழாவில் முதற்பரிசு பெற்றது. இவ்வெற்றியே தம்மைப் பாடகராகத் தூண்டியது என்று இவர் பின்னாளில் குறிப்பிட்டார். பள்ளி ஆசிரியராகவும் காப்புறுதி முகவராகவும் பணியாற்றியபடியே இசை பயின்றார்.

இசை வாழ்வு

ஏப்ரல் 29, 1961 அன்று ரெஜ்ஜோ எமிலியா நகரில், புச்சீனியின் லா போஎம் ஒப்பேராவில் ரொடோல்ஃபோ என்ற கவிஞன் வேடத்தில் அறிமுகமானார். பிப்ரவரி 1972 இல் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் ஒப்பேராவில், டொனிசெட்டி இயற்றிய ஒரு பாடலில் வரும் ஒன்பது உச்சசுரங்களையும் சிரமமின்றிப் பாடியமை இவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது.

1990 ஆம் ஆண்டு உலகக்கோப்பைக் காற்பந்துப் போட்டிகளின்போது, இவர் பாடிய 'நெஸ்சுன் தோர்மா' என்ற பாடலை பிபிசி தனது ஒளிபரப்பின் முகப்பு இசையாகப் பயன்படுத்தியது. அவ்வாண்டு ஜூலை 7 அன்று உரோமை நகரின் பண்டைய கராகல்லா குளியல் மண்டபத்தில் பிளாசிடோ டொமிங்கோ, ஹோசே கரேராஸ் ஆகியோருடன் இணைந்து பாடினார். மும்பையில் பிறந்த சுபின் மேத்தா இசைக்குழுவை நடத்தினார். 'மூன்று தெனோர்கள்' என அறியப்பட்ட இந்நிகழ்ச்சியின் இசைத்தட்டு மேலைச் செவ்வியல் இசையில் விற்பனைச் சாதனை படைத்தது.

போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக இவர் நிதி திரட்டினார். பொசுனியாவின் மோசுதார் நகரில் இவர் பெயரிலான இசை மையம் 1997 இல் திறக்கப்பட்டது.

விமர்சனங்கள்

நிகழ்ச்சிகளைக் கடைசி நேரத்தில் கைவிடுபவர் என்ற குறை இவர்மீது இருந்தது. 41 நிகழ்ச்சிகளுள் 26 இல் பாடாததால் சிக்காகோ லிரிக் ஒப்பேரா 1989 இல் இவருடனான தொடர்பை முறித்துக் கொண்டது. 1992 இல் மிலான் லா ஸ்காலா அரங்கில் குரல் பிசகியபோது பார்வையாளர்கள் கூச்சலிட்டனர். திறந்தவெளி நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கியுடன் பாடியதால் கலையின் தரம் குறைந்தது எனச் சிலரும், கலை மக்களைச் சென்றடைந்தது எனச் சிலரும் கருதினர்.

இறுதிக் காலம்

மார்ச் 13, 2004 அன்று மெட்ரோபொலிட்டன் அரங்கில் தொஸ்கா ஒப்பேராவில் பாடியதே இவரது கடைசி ஒப்பேரா மேடையாகும். பிப்ரவரி 2006 இல் தூரின் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் மக்கள்முன் இறுதியாகத் தோன்றினார். உடல்நலக் குறைவால் அன்று ஒலித்தது முன்னரே பதிவு செய்யப்பட்ட பாடல் என்பதை இசை நடத்துநர் லியோனே மாஜேரா 2008 இல் வெளிப்படுத்தினார். 2006 இல் கணையப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற பவரோட்டி, மறு ஆண்டு செப்டம்பர் 6 அன்று மொதேனாவில் தமது இல்லத்தில் காலமானார்.

இறுதி மரியாதை

மொதேனா பேராலயத்தில் வைக்கப்பட்ட இவரது உடலுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் அஞ்சலி செலுத்தினர். வியன்னா அரச ஒப்பேரா மாளிகையில் கறுப்புக்கொடி ஏற்றப்பட்டது. செப்டம்பர் 8 அன்று நடந்த இறுதிச் சடங்கில் ரைனா கபைவான்ஸ்கா, அந்திரேயா பொச்செல்லி ஆகியோர் பாடினர். தந்தையும் மகனும் 1978 ஆம் ஆண்டு இணைந்து பாடிய 'பானிஸ் ஆஞ்செலிகுஸ்' என்ற வழிபாட்டுப் பாடலின் ஒலிப்பதிவும் ஒலிக்கச் செய்யப்பட்டது. அது முடிந்ததும் கூடியிருந்தோர் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். தந்தையோடு சேர்ந்து பாடத் தொடங்கியவரின் இறுதி விடையும் தந்தையின் குரலோடு அமைந்தது. மொந்தாலே ரங்கோனே கல்லறையில் குடும்பத்தார் அருகே இவர் அடக்கம் செய்யப்பட்டார்.

நினைவுகள்

மொதேனா நகராட்சி அரங்கிற்கு இவர் பெயர் சூட்டப்பட்டது. இவரது தாயார் பணிபுரிந்த அதே ஆலைத் தொழிலாளியின் மகளும், இவருடன் பலமுறை பாடியவருமான மிரெல்லா ஃப்ரேனி 2020 இல் மறைந்தபின் அவர் பெயரும் அதனுடன் சேர்க்கப்பட்டது. பவரோட்டி வாழ்ந்த வீடு 2015 இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இவரைப் பற்றி ரான் ஹவார்ட் இயக்கிய ஆவணப்படம் 2019 இல் வெளிவந்தது.