கொழுப்பு உறிஞ்சப்படுதல்

உணவிலுள்ள கொழுப்பு சிறுகுடலில் உடைந்து, குடல் சுவரைக் கடந்து இரத்தத்தை அடையும் நிகழ்வு. கொழுப்பு நீரில் கரையாது. செரிமானச் சாறுகளோ நீராலானவை. இந்த முரண்பாட்டை உடல் கடக்கும் விதமே இதன் சிறப்பு.

கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் வட்டாரத்தில் விளையும் மல்லாட்டையின் (நிலக்கடலையின்) எண்ணெயும், ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமிக்குப் படைக்கப்படும் கோரைக்கிழங்கு உருண்டையில் சேரும் நெய்யும் பெரும்பாலும் டிரைகிளிசரைடுகளே. இரைப்பையில் இவற்றில் சிறு பங்கு மட்டுமே செரிக்கும். கொழுப்பு முன்சிறுகுடலை எட்டியதும் குடல் சுவர் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடனே பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை அனுப்ப, கணையம் லைப்பேஸ் நொதியைத் தருகிறது. பித்த உப்புகள் கொழுப்பை நுண்துளிகளாகச் சிதறடிக்கின்றன. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை நீரில் கலக்கச் செய்வதும் இப்படித்தான். லைப்பேஸ் ஒரு டிரைகிளிசரைடை இரண்டு கொழுப்பு அமிலங்களாகவும் ஒரு மோனோகிளிசரைடாகவும் வெட்டுகிறது. பித்த உப்புகள் இவற்றை மைசெல் என்னும் நுண்திரள்களில் ஏற்றி, குடல் சுவரின் விரல் போன்ற நீட்சிகளான குடலுறிஞ்சிகளின் அருகே சேர்க்கின்றன. பணி முடிந்த பித்த உப்புகளில் சுமார் 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பும். அப்பகுதி நோயுற்றால் கொழுப்புச் செரிமானமும் குன்றும்.

குடல் செல்லுக்குள் நடப்பது இன்னும் வியப்பானது. அவ்வளவு பாடுபட்டு வெட்டிய துண்டுகளை அந்தச் செல் மீண்டும் டிரைகிளிசரைடாக ஒட்டி, புரதமும் பாஸ்போலிப்பிடும் போர்த்தி, கைலோமைக்ரான் என்ற துகளாக்குகிறது. இரத்த நுண்குழாய்க்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிதான இத்துகள், குடலுறிஞ்சியிலுள்ள நிணநீர்க் குழாயான பாற்குழல் வழியே நிணநீரில் சேர்ந்து, கழுத்தடியில் இடப்புறச் சிரையில் கலக்கிறது. இப்பாற்குழல்களை 1622-இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரோ அசெல்லி, உணவுண்ட நாயின் வயிற்றில் கண்டறிந்தார். நெய்யிலும் தேங்காயெண்ணெயிலும் ஓரளவு உள்ள குறுகிய, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் இந்தச் சுற்றுவழியில் போவதில்லை. நேரே கல்லீரலை அடைகின்றன. மல்லாட்டை எண்ணெயில் இருப்பவை ஏறத்தாழ முழுவதும் நீண்ட சங்கிலிகள் என்பதால் அதற்கு நிணநீர்ப் பாதைதான்.

நலமான குடல் கொழுப்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சிவிடும். நாளுக்கு 100 கிராம் கொழுப்பு உண்பவரின் மலத்தில் 7 கிராமுக்கு மேல் வெளியேறினால் அது கோளாறு. இக்கோளாறு பற்றிய அறிவுக்குத் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. 1960களின் தொடக்கத்தில் தென்னிந்தியக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோயாகப் பரவியபோது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும் அதை விரிவாக ஆராய்ந்தனர். குடலுறிஞ்சிகள் குட்டையாகிச் சிதைவதால் கொழுப்புடன் வைட்டமின்களும் வீணாகி, நோயாளி மெலிந்துபோவார். டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும் இதற்கு மருந்தாகின்றன.

எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும் வெளிறிய மலமும் எடைக் குறைவும் நீடித்தால், நெய்யையும் எண்ணெயையும் நிறுத்திப் பார்ப்பதோடு விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டிக் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.