கோப்புறைப் பெயரில் ஓர் இடைவெளி. தொகுப்பு நிற்கும் 'லாடெக்': பிழையைச் சரிசெய்வது எப்படி?

ஸ்ரீ விஜயபுரம்: ஆய்வேடுகளும் கணிதக் கட்டுரைகளும் உருவாக்கப் பயன்படும் 'லாடெக்' மென்பொருளில், ஆவணத்தில் பிழை ஏதும் இல்லாதபோதும் "கோப்பு கிடைக்கவில்லை" என்ற செய்தியுடன் தொகுப்பு நின்றுவிடுவது உண்டு. இதற்கு அடிக்கடி காணப்படும் காரணங்களுள் ஒன்று, கோப்புறையின் பெயரில் இரு சொற்களுக்கு நடுவே விடப்படும் இடைவெளி.

லாடெக்கில் எழுதுவோர் உரையையும் கட்டளைகளையும் ஓர் எளிய கோப்பில் எழுதுகின்றனர். மென்பொருள் அதனைப் படங்கள், அத்தியாயங்கள், நூற்பட்டியல் ஆகியவற்றுடன் தொகுத்து பிடிஎஃப் ஆவணமாக்குகிறது. இவற்றுள் ஒரு கோப்பு கிடைக்காவிட்டாலும் பணி தடைபடக்கூடும்.

அந்தமானில் ஏன் கவனம் தேவை?

போர்ட் பிளேர், கார் நிக்கோபார், லிட்டில் அந்தமான், கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட் என இத்தீவுகளின் ஊர்ப்பெயர்கள் பலவும் ஆங்கிலத்தில் இரு சொற்களாக எழுதப்படுகின்றன. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு 'ஸ்வராஜ் த்வீப்' என்றும், 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்' என்றும் பெயர் மாற்றப்பட்டன. இப்புதிய பெயர்களிலும் ஆங்கில எழுத்துவடிவில் இடைவெளிகள் உள்ளன. கடல் உயிரியல் போன்ற துறைகளில் தீவுவாரியாகத் தரவு சேகரிக்கும் மாணவர், ஒவ்வொரு தீவின் பெயரிலும் ஒரு கோப்புறை அமைப்பது இயல்பே.

தவறான கணிப்பின் விலையும் இங்கு அதிகம். சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் சுமார் 2,300 கி.மீ. நீள கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமரால் தொடங்கிவைக்கப்பட்டது. ஸ்வராஜ் த்வீப், கார் நிக்கோபார், கமோர்ட்டா, ரங்கத் உள்ளிட்ட இடங்களும் இதில் இணைக்கப்பட்டன. அதற்கு முன் தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. வடம் எட்டாத இடங்களில் பெரிய பதிவிறக்கம் இன்றும் எளிதன்று. 'டெக் லைவ்' முழுத்தொகுப்பு பல ஜிபி அளவு கொண்டது. பெயரில் உள்ள பிழையை மென்பொருளின் பழுது எனக் கருதி அதனை நீக்கி மீண்டும் நிறுவினால், தரவும் நேரமும் செலவாகும். கோப்புறையின் பெயர் மாறாததால் பிழையும் நீங்காது.

காரணம் என்ன?

லாடெக்கின் அடித்தளமான 'டெக்' நிரலை டொனால்ட் கனூத் 1978-ல் உருவாக்கினார். அதன்மீது லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் லாடெக்கை அமைத்தார். டெக்கின் மூல விதிப்படி, கோப்பின் பெயர் முதல் இடைவெளியுடன் முடிந்துவிடும். கட்டளைச் சாளரமும் இடைவெளியைக் கண்டதும் அடுத்த சொல்லைத் தனி உள்ளீடாகக் கொள்கிறது. பெயர்களில் இடைவெளி விடும் வழக்கம் 1995-ல் வெளியான விண்டோஸ் 95-க்குப் பின்னரே பரவலாயிற்று.

லாடெக்கின் 2019 அக்டோபர் பதிப்பிலிருந்து இடைவெளி கொண்ட பெயர்களுக்கு ஆதரவு அளிக்கப்பட்டுள்ளது. எனினும் நூற்பட்டியல் தயாரிக்கும் 'பிப்டெக்', தொகுப்பைத் தானியக்கமாக்கும் 'மேக்' முதலிய துணைக்கருவிகள் இடைவெளியை ஏற்பதில்லை. எனவே புதிய பதிப்பிலும் சிக்கல் எழக்கூடும்.

கண்டறியும் முறை

1. தொகுப்பின்போது உருவாகும் பதிவுக் கோப்பைத் திறந்து, கிடைக்கவில்லை எனக் கூறப்படும் பெயரைப் பார்க்க வேண்டும். 'கார் நிக்கோபார்' என்ற கோப்புக்குப் பதிலாக 'கார்' மட்டும் கிடைக்கவில்லை என்றிருந்தால், இடைவெளியே காரணம்.

2. பதிவுக் கோப்பில் நீண்ட வரிகள் 79 எழுத்துகளில் மடிக்கப்படும். அவ்வாறு மடிந்த பெயரை, இடைவெளியால் வெட்டுண்ட பெயர் எனக் கொள்ளலாகாது.

3. பணிக் கோப்புறை முழுவதையும் இடைவெளியற்ற ஒற்றைச்சொல் பெயருடன் 'டி' போன்ற வட்டகத்தின் முதல் நிலைக்கு நகலெடுத்துத் தொகுத்துப் பார்க்கலாம். அங்கு வெற்றி கிடைத்தால் பழைய பாதையே பிழைக்குக் காரணம். இச்சோதனைக்கு இணையம் தேவையில்லை.

சரிசெய்யும் முறை

* இடைவெளிக்குப் பதிலாகச் சிறுகோடு இட்டுப் பெயரை மாற்ற வேண்டும். விழுக்காட்டுக் குறி, எண் குறி, அலைக்குறி ஆகியவற்றுக்கு லாடெக்கில் தனிப்பொருள் உண்டு என்பதால் அவற்றையும் பெயரில் தவிர்ப்பது நலம்.

* ஆவணத்தினுள் உள்ள பாதைகளையும் புதிய பெயருக்கேற்பத் திருத்த வேண்டும். வட்டகத்தின் பெயரிலிருந்து தொடங்கும் முழுப்பாதையைத் தவிர்த்து, முதன்மைக் கோப்பு உள்ள இடத்திலிருந்து தொடங்கும் சார்புப்பாதையை எழுதினால், மேல்நிலைக் கோப்புறைகளின் பெயர் பெரும்பாலும் தடையாகாது.

* முந்தைய தொகுப்பில் உருவான துணைக்கோப்புகளில் பழைய பாதை எஞ்சியிருக்கலாம். அவற்றை நீக்கிவிட்டு மீண்டும் தொகுக்க வேண்டும். மூல ஆவணம், படங்கள், நூற்பட்டியல் ஆகியவற்றை நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

* கணினிப் பயனரின் பெயரிலேயே இடைவெளி இருந்தாலோ, நிறுவனக் கணக்கின் 'ஒன்டிரைவ்' கோப்புறையில் பணி இருந்தாலோ, அப்பெயர்களை மாற்ற முயல வேண்டாம். பணியை வேறு இடத்திற்கு மாற்றுவதே எளிது.

* பெயரை மாற்ற இயலாத நிலையில், கட்டளைச் சாளரத்தில் முழுப்பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இடலாம். இது தற்காலிகத் தீர்வு மட்டுமே.

இடைவெளி காரணம் அல்லாதபோது

கிடைக்காத கோப்பின் பெயர் 'எஸ்டிஒய்' என்ற பின்னொட்டுடன் முடிந்தால், அது மென்பொருளுக்குரிய துணைத்தொகுப்பு. அதன் பெயரை ஆவணத்தில் சரியாக எழுதியிருந்தும் கிடைக்கவில்லையெனில் அதனைத் தனியே நிறுவ வேண்டும். முழு மென்பொருளையும் மீண்டும் நிறுவத் தேவையில்லை. விண்டோஸ் கணினியில் இயங்கிய ஆவணம், லினக்ஸிலோ 'ஓவர்லீஃப்' இணையச் சேவையிலோ தடைபட்டால், ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைச் சரிபார்க்க வேண்டும். அங்கு இரண்டும் வெவ்வேறு பெயர்களாகவே கருதப்படும்.

இக்கட்டுப்பாடு கோப்பு, கோப்புறைப் பெயர்களுக்கு மட்டுமே உரியது. ஆய்வேட்டின் பக்கங்களில் தீவின் பெயர் உரிய இடைவெளியுடனேயே அச்சாகும். ஆய்வுப் பணியின் முதல் நாளிலேயே பெயர்களைச் சிறுகோட்டுடன் அமைத்துக்கொண்டால், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கடைசி நாளில் இத்தடையைச் சந்திக்க நேராது.