சுட்ட மண்ணில் தொலைந்த விடை

நெல் வெட்டி முடிய எங்கட அம்மப்பா வயலில சணல் விதைப்பார். அது மஞ்சளாகப் பூக்கத் தொடங்க, அப்படியே மடக்கி உழுதுவிடுவார். "இவ்வளவு வடிவாப் பூத்ததை ஏன் அழிக்கிறீங்கள்?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "நிலத்துக்கும் சாப்பாடு வேணும்தானே, பிள்ளை" என்பார். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

அந்த விளக்கத்தைத் தேடி ஐரோப்பிய விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டு அலைந்திருக்கிறார்கள்.

சணலும் பயறும் போன்ற அவரையினப் பயிர்கள் நிலத்தை வளப்படுத்தும் என்பது பழைய ரோமானிய விவசாயிகளுக்கே தெரியும். காரணம்தான் தெரியாது. 1838இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் பூசிங்கோ, வளர்த்த செடிகளின் நைதரசனை அளந்து பார்த்தார். பட்டாணியில் விதையில் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. கோதுமையில் அப்படியில்லை. அந்த மிச்சம் காற்றிலிருந்து வந்ததா?

1850களில் அவர் இன்னும் கவனமாகச் சோதித்தார். மண்ணைச் சுட்டு, வெளித்தூசு படாமல் செடியைக் கண்ணாடிக்குள் மூடி வளர்த்தார். அந்த மிச்சத்தைக் காணவில்லை! இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட்டில் லோஸ், கில்பேர்ட், பியூ ஆகியோரும் 1857-58இல் மண்ணைச் சுட்டுத்தான் சோதித்தார்கள். அதே முடிவு. செடி காற்றின் நைதரசனை எடுக்காது என்று பலரும் நம்பிவிட்டார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் ஜேர்மனியின் ஹெல்ரீகல். நைதரசன் இல்லாத மணலில் அவர் வைத்த பட்டாணிகளில் சில வாடின, சில செழித்தன. வயல் மண்ணைக் கரைத்த நீரை ஊற்றினால் செழித்தன. அதே நீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் இல்லை. அப்படியென்றால் மண்ணில் உயிருள்ள ஏதோ ஒன்று வேலை செய்கிறது. 1886இல் பேர்லினில் இதை அறிவித்தார். 1888இல் ஒல்லாந்தின் பெய்ஜரிங்க், வேரின் சிறுகணுக்களிலிருந்து அந்தப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். அது காற்றின் நைதரசனைச் செடிக்குக் கொடுக்கிறது, செடி அதற்கு வெல்லம் கொடுக்கிறது.

முன்னையவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. அழுக்கென்று அவர்கள் சுட்டதிலேயே விடை இருந்தது. வரலாறு படிக்கிற எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. 'ஊர்க்கதை' என்று நாங்கள் ஒதுக்கிவிடுகிற சாட்சிகளில் எத்தனை இப்படி எரிந்திருக்கும்?

1896இல் நொப்பே, ஹில்ட்னர் இருவரும் இந்தப் பற்றீரியாவை 'நைற்றஜின்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில், காற்றின் நைதரசனை அமோனியாவாக்கும் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அதன் வழியில் வந்த யூரியா எங்கட வயல்களுக்கும் வந்தது.

2021 மே மாதம் இலங்கை இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தது, நவம்பரில் தடையை விலக்கியது. அதற்கிடையில் விளைச்சலை இழந்தது விவசாயிதான். 'மண்ணே பார்த்துக்கொள்ளும்' என்று சொல்வது லேசு. ஆனால் நெல்லின் வேரில் இந்தச் சிறுகணு வராது. சணலை விதைத்து, வளர்த்து, உழுது, உக்கவிட்டால்தான் அடுத்த நெல்லுக்குப் பலன். அதற்கு ஒரு போகம் காத்திருக்க வேண்டும். வர்த்தமானி அறிவித்தலுக்காகப் பற்றீரியா அவசரப்படாது.

அம்மப்பாவுக்குப் பற்றீரியா என்ற சொல் தெரியாது. எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்பது தெரியும்.