எருக்கு இனங்களைப் பிரித்தறிந்த வரலாறு

எருக்கு என்பது பால் வடியும் புதர்ச்செடி. மாமல்லபுரத்துக் கடற்கரை மணலிலும், செங்கல்பட்டுப் பகுதியின் ஏரிக்கரைகளிலும், இரயில் பாதை ஓரங்களிலும் யாரும் நடாமலே வளர்ந்து நிற்கும். இந்தியாவில் பரவலாகக் காணப்படும் எருக்கு இனங்கள் இரண்டு. ஒன்று கலோட்ரோபிஸ் ஜைஜான்டியா, மற்றொன்று கலோட்ரோபிஸ் புரோசெரா. தாவரவியலார் இவ்விரண்டையும் தனித்தனியாகப் பிரித்தறிய நீண்ட காலம் ஆயிற்று.

பழந்தமிழரும் எருக்கும்

தமிழருக்கு எருக்கு புதிதன்று. புறநானூற்றின் 106ஆம் பாடலில் கபிலர், எளிய எருக்கம்பூவைச் சூட்டினாலும் தெய்வங்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை என்கிறார். மடலேறும் தலைவன் எருக்கங்கண்ணி சூடுவதைக் குறுந்தொகையின் 17ஆம் பாடல் கூறுகிறது.

நம் மக்கள் எருக்கை நிறத்தால் பிரித்தனர். ஊதாப் பூ பூப்பது எருக்கு, வெள்ளைப் பூ பூப்பது வெள்ளெருக்கு. வெள்ளெருக்கின் வேரில் பிள்ளையார் செய்து வழிபடும் வழக்கம் இன்றும் உள்ளது.

நூல்களில் எருக்கு

கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் அறிவே அந்நூலின் அடித்தளம். அதில் எருக்கு, 'எரிக்கு' என்ற நம் பெயராலேயே இடம்பெற்றது.

1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இச்செடிக்கு அஸ்கிளேபியாஸ் ஜைஜான்டியா என்று பெயரிட்டார். புரோசெரா என்ற இனத்தை 1789இல் இலண்டன் கியூ தோட்டத்தின் வில்லியம் அய்ட்டன் தனியாகக் குறித்தார். பின்னர் இராபர்ட் பிரவுன், பூவின் உள்ளமைப்பை ஆராய்ந்து கலோட்ரோபிஸ் என்ற பேரினத்தை உருவாக்கினார். கிரேக்க மொழியில் இதற்கு 'அழகிய படகின் அடிமரம்' என்று பொருள். பூவின் நடுவில் உள்ள மகுடச் செதில்கள் அவ்வடிவில் இருப்பதால் இப்பெயர் வந்தது.

சென்னை மாகாணத்தில் இப்பணியைத் தொடர்ந்தவர் மருத்துவர் இராபர்ட் வைட். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இங்கு வந்த அவர், எருக்கின் குடும்பத்தை ஆராய்ந்து 1834இல் நூல் வெளியிட்டார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் நினைவாக வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயியா' என்று பெயர் சூட்டினார்.

பின்னர் காம்பிள் தொடங்கி ஃபிஷர் நிறைவு செய்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. பி. வி. மயூரநாதன் எழுதிய சென்னை நகர், சுற்றுப்புறத் தாவர நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1929இல் வெளியிட்டது.

எப்படிப் பிரித்தறிவது?

இரண்டுக்கும் சாம்பல் பூத்த தடித்த இலைகள், காம்பின்றித் தண்டை ஒட்டி எதிரெதிராக அமைந்திருக்கும். ஆகவே இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பூவையே பார்க்க வேண்டும்.

ஜைஜான்டியா: மொட்டு முட்டை வடிவில் நீண்டிருக்கும். மலர்ந்ததும் இதழ்கள் நன்கு விரிந்து, பின்பக்கமாக மடங்கும். நிறம் ஊதா அல்லது வெள்ளை. மகுடச் செதிலின் நுனிக்குச் சற்றுக் கீழே இருபுறமும் காது போன்ற புடைப்புகள் உண்டு.

புரோசெரா: மொட்டு உருண்டையாக இருக்கும். பூ சிறியது, நறுமணம் உடையது. இதழ்கள் நிமிர்ந்து நின்று கிண்ணம் போலத் தோன்றும். வெள்ளை இதழின் நுனியில் ஊதாத் திட்டு இருக்கும். மகுடச் செதிலில் காதுப் புடைப்பு இல்லை.

மாமல்லபுரம் கடலோரத்தில் பெரும்பாலும் காண்பது ஜைஜான்டியாவே. புரோசெரா வறண்ட உள்நாட்டுப் பகுதிகளை விரும்புவது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வழியாக இந்தியா வரை அது பரவியுள்ளது.

நிறம் ஏமாற்றும்

பலர் தவறுவது இங்கேதான். வெள்ளெருக்கு என்பது தனி இனம் அன்று. அது ஜைஜான்டியாவின் வெள்ளைப் பூ வகை. வெள்ளையாக இருக்கிறதே என்று புரோசெராவை வெள்ளெருக்கு எனக் குறித்துவிடுவது மாணவர்களின் உலர்தாவரத் தொகுப்புகளில் அடிக்கடி நேரும் பிழை. நானும் ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இதழ் நிமிர்ந்துள்ளதா, மடங்கியுள்ளதா என்று ஒரு மாணவி கேட்ட பிறகே பூவை உற்றுப் பார்த்தேன்.

மருந்துக்குச் செடி சேகரிப்பவர்களுக்கு இப்பிழை வெறும் பெயர்ப் பிழை அன்று. எந்த இனத்தின் எந்த உறுப்பு என்று தெரியாமல் எடுத்தால் மருந்தின் தன்மையே மாறக்கூடும். மேலும், இரு இனங்களின் பாலும் நஞ்சு. அதில் இதயத்தைத் தாக்கும் வேதிப்பொருள்கள் உள்ளன. கண்ணில் பட்டால் பார்வை மங்கும். அப்படிப் பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாணவர்கள் செடியை ஒடிக்காமலே இனத்தை அறியலாம். மொட்டையும், மலர்ந்த பூவைப் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்தால் போதும். நிறத்தைக் கடைசியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.