பையன் என்ற சொல் வசவான கதை

பொல்லாத பிள்ளைகளை ஏச ஆங்கிலேயரிடம் சொற்கள் ஏராளம். 'ஹூலிகன்' 1898 கோடையில் லண்டன் பத்திரிகைகளால் பரவியது. வியாபாரியான என்னை ஈர்த்தது 'யாப்' என்னும் சொல். லண்டன் தெருக்களில் காய்கனி, மீன் கூவி விற்றவர்கள், வாங்குகிறவர்களுக்கும் போலீசுக்கும் புரியக் கூடாதென்று சொற்களைத் திருப்பிப்போட்டுப் பேசினார்கள். நம்மூர் மாட்டுத் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறாரே, அந்த மாதிரி சூட்சுமம்தான். 'பாய்' என்பதன் ஆங்கில எழுத்துக்களைப் பின்னாலிருந்து படித்தால் 'யாப்'. 1859-இல் ஹாட்டன் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியில் அதற்குப் பையன் என்றே பொருள். பிற்பாடுதான் காலிப்பயல் என்றாயிற்று.

'ச்சாவ்' கதையும் அதுவே. பகட்டு நகையும் விளையாட்டு உடுப்புமாகத் திரிந்த ஏழை வீட்டு இளசுகளை இப்படி இகழ்ந்தார்கள். 2004-இல் ஆக்ஸ்போர்டு அகராதியார் அதை ஆண்டின் சொல்லாகவே எடுத்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை குடித்துக் கலாட்டா செய்தால் அவனுக்கு இந்தப் பெயர் கிடையாது, கவனியுங்கள். அரசுக் குடியிருப்புவாசிகளைக் குறிக்கும் முதலெழுத்துச் சுருக்கம் அது என்று சிலர் சொன்னது பின்னால் ஜோடித்தது. ரோமானி மொழியில் 'ச்சாவோ' என்றால் பையன், பிள்ளை. ரோமானி மக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள். பிராகிருதம் படித்தவர்க்கு அதன் உறவான 'ச்சாவ' தெரிந்திருக்கும்: விலங்கின் குட்டி என்று அர்த்தம்.