பாலாவியில் பறவையும் பழைய அல்பமும்: குறைந்த விலையில் நல்ல பிரிட்ஜ் கமராவைத் தெரிவு செய்வது எப்படி?

புத்தளத்திலிருந்து கொழும்பு செல்லும் வீதியில் சில கிலோமீற்றர் தூரத்தில், கற்பிட்டிக்குப் பிரியும் சந்திதான் பாலாவி. திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தம் வேறு, இந்த ஊர் வேறு. இங்கே உப்பளங்களும் களப்பும் அருகருகே கிடக்கின்றன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் வந்து தங்கியதும் புத்தளம், பாலாவி, கற்பிட்டிப் பகுதிகளில்தான்.

இங்குள்ள ஒருவர் கமரா வாங்க நினைத்தால் அதற்குப் பொழுதுபோக்கு மட்டும் காரணமாக இருப்பதில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்க வருவோருக்குப் படம் எடுத்துக் கொடுப்பது ஒரு தொழில். கல்யாண வீடும் திருவிழாவும் இன்னொன்று. மூன்றாவது தேவையை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை: இடம்பெயர்வில் தப்பிய ஒன்றிரண்டு குடும்பப் படங்கள், காணி உறுதி, விட்டுவந்த வீட்டின் இன்றைய நிலை ஆகியவற்றைப் பதிவு செய்து வைப்பது. 1990இல் வடக்கிலிருந்து வந்தவர்களுக்கும் 2009இல் வன்னியிலிருந்து வெளியேறியவர்களுக்கும் இது பொதுவான தேவை.

கைத்தொலைபேசியால் தூரத்துப் பறவையைக் கிட்டக் கொண்டுவர முடியாது. லென்ஸ் மாற்றும் பெரிய கமராவுக்கும் அதன் நீள லென்சுக்கும் பணம் போதாது. இரண்டுக்கும் நடுவில் பாலம் போல நிற்பதால்தான் இதற்குப் பிரிட்ஜ் கமரா என்று பெயர். லென்ஸ் கழராது, ஆனால் அகலக் காட்சியிலிருந்து மிகத் தூரம் வரை அந்த ஒரே லென்ஸ் எட்டும்.

பெட்டியில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம்

கடையில் முதலில் காட்டுவது '60 மடங்கு', '83 மடங்கு', '125 மடங்கு' என்ற சூம் கணக்கைத்தான். அடுத்தது மெகாபிக்சல். படத்தின் தரத்தை இவை தீர்மானிப்பதில்லை. கமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் போகிறது என்பதே தீர்மானிக்கிறது. அதை இரண்டு விடயங்களில் பார்க்கலாம்.

ஒன்று, சென்சரின் பரப்பு. விலை குறைந்த பிரிட்ஜ் கமராக்களில் பெரும்பாலும் இருப்பது '1/2.3 அங்குல' சென்சர். அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீற்றர். '1 அங்குல' எனப்படும் சென்சர் 13.2 x 8.8 மி.மீ. அளவுடையது, பரப்பு சுமார் 116 சதுர மில்லிமீற்றர். அதாவது நான்கு மடங்கு. மாலை வெளிச்சத்தில் முதலாவது புள்ளி புள்ளியாகச் சிதறும் இடத்தில் இரண்டாவது தெளிவாக நிற்கும்.

மற்றது, லென்சின் துவாரம். இதை எஃப் எண்ணால் குறிப்பார்கள். எண் சிறிதாக இருந்தால் துவாரம் பெரிது. பல கமராக்கள் சூமை முழுதாக நீட்டும்போது எஃப் 6.5 வரை சுருங்கிவிடும். எஃப் 2.8 துவாரம் அதைவிட ஐந்து மடங்குக்கும் சற்று அதிகமான வெளிச்சத்தை உள்ளே விடும். பறக்கும் ஆலாவை உறையவைக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் கமரா தானே ஐ.எஸ்.ஓ.வை ஏற்றும், இறகின் நுணுக்கம் அழிந்துபோகும்.

எந்தக் கமரா எதற்கு?

பனசொனிக் எஃப்.இசட். 1000 (2014): 1 அங்குல சென்சர், 20 மெகாபிக்சல், 25–400 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8–4. அறிமுக விலை 900 டொலர். உடப்புத் தீமிதிப்பிலோ தலவில் திருவிழாவிலோ பொழுது சாய்ந்த பின் படம் எடுப்பவருக்கு, இந்தப் பட்டியலில் கைக்கெட்டும் விலையில் பொருத்தமானது இதுவே. 400 மி.மீ. போதாதே என்று தோன்றலாம். படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் 800 மி.மீ. காட்சி கிடைக்கும்; அப்போதும் 5 மெகாபிக்சல் மிஞ்சும். எட்டு அங்குல அச்சுக்கு அது போதும்.

பனசொனிக் எஃப்.இசட். 300 (2015): சிறிய சென்சர்தான், 12 மெகாபிக்சல்தான். ஆனால் 25–600 மி.மீ. முழுவதும் எஃப் 2.8, தூசிக்கும் நீர்த்தெறிப்புக்கும் ஓரளவு தாங்கும். படகில் போகிறவருக்கு ஏற்றது. 2012இல் வந்த எஃப்.இசட். 200இலும் இதே அளவு லென்ஸ்தான், ஆனால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

நிக்கோன் பி 900 (2015): 24–2000 மி.மீ. கரையில் அசையாமல் நிற்கும் பூநாரையை நல்ல வெயிலில் எடுக்க இதைப்போல் எட்டக்கூடியவை குறைவு. ஆனால் பதனிடாத 'ரோ' கோப்பு தராது. பின்னர் கணினியில் திருத்துவதற்கு இடம் குறைவு. 2020இல் வந்த பி 950 அதைத் தருகிறது.

கனொன் எஸ்.எக்ஸ். 70 (2018), பனசொனிக் எஃப்.இசட். 80 (2017): இரண்டும் பாரம் குறைந்தவை, நீள எட்டக்கூடியவை. பகல் வெளிச்சத்துக்கு நல்லவை. எஃப்.இசட். 80 வெளிவந்தபோது 400 டொலர்.

சோனி ஆர்.எக்ஸ். 10 நான்காம் பதிப்பு (2017) 1 அங்குல சென்சரையும் 600 மி.மீ. லென்சையும் ஒன்றாகத் தருகிறது. அறிமுக விலை 1,700 டொலர் என்பதால் நமது கணக்குக்கு வெளியே.

புதிதா, பாவித்ததா?

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதமளவில் அது 360 ரூபாவைத் தொட்டது. 400 டொலர் கமராவின் விலை, வரி எதுவும் சேராமலே, 80,000 ரூபாவிலிருந்து 144,000 ரூபாவாக ஏறியது. இன்னொரு பக்கம், உலகில் டிஜிட்டல் கமரா விற்பனை 2010இல் ஏறத்தாழ 12 கோடியாக இருந்து 2020இல் 90 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. புதிய மாதிரிகள் அரிது, பாவித்தவை ஏராளம். ஆகவே அதே பணத்துக்குப் புதிய சிறு சென்சர் கமராவைவிடப் பாவித்த 1 அங்குலக் கமரா நல்ல படம் தரும்.

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உறவினர் இருந்தால், உத்தரவாதத்துடன் பாவித்த கமரா விற்கும் கடையில் வாங்கி அனுப்பச் சொல்லலாம். பெயர் மாறுவதைக் கவனியுங்கள்: எஃப்.இசட். 300 பிரித்தானியாவில் எஃப்.இசட். 330, எஃப்.இசட். 80 அங்கே எஃப்.இசட். 82.

பாவித்ததை வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

– சூமை முழுதாக நீட்டிச் சுருக்குங்கள். உராயும் சத்தமோ தடங்கலோ இருந்தால் விட்டுவிடுங்கள்.
– துவாரத்தைச் சுருக்கி (எஃப் 8) வெள்ளைத் தாளைப் படம் எடுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி. லென்ஸ் கழராததால் அதை வீட்டில் துடைக்க முடியாது.
– லென்சுக்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற கோடுகள் பூஞ்சணம். கரையோர ஈரப்பதனில் அது பரவும்.
– பற்றரி அறையில் பச்சை பூத்திருந்தால் உப்பு அரித்திருக்கிறது.
– பற்றுச்சீட்டையும் தொடர் இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

உப்பளத்திலும் கடலிலும்

காலை ஏறியதும் உப்பளத்தின் மேல் கானல் எழும்பும். அப்போது 2000 மி.மீ. லென்ஸ் நடுங்கும் காற்றைத்தான் பெரிதாக்கிக் காட்டும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கரைக்குப் பின்னும் எடுங்கள். முக்காலி இல்லாவிட்டால் ஒரு சிறு அரிசிப் பையை மதிலில் வைத்து அதன்மேல் கமராவை ஊன்றலாம். படகில் நீளச் சூம் வேண்டாம். கமராவின் நடுக்கத் தடுப்பு கையின் நடுக்கத்துக்கானது, அலைக்கானதல்ல.

வீடு வந்ததும் சற்று ஈரமான துணியால் உடலைத் துடைத்து, உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள்.

முகாம், சோதனைச் சாவடி, துறைமுகம், நுரைச்சோலை மின்நிலையம் ஆகியவற்றின் பக்கம் நீள லென்சைத் திருப்ப வேண்டாம். பறவையைத்தான் எடுத்தேன் என்று பிறகு விளக்குவது எளிதல்ல.

பழைய படங்களும் பத்திரங்களும்

இதற்கு நீளச் சூம் தேவையில்லை. மேலே சொன்ன எந்தக் கமராவும் போதும். படத்தை யன்னலருகே, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிளாஷ் வேண்டாம், பளபளப்பு முகத்தை மறைக்கும். சூமை 50–100 மி.மீ. அளவில் வைத்தால் ஓரங்கள் வளையாது. கமரா படத்துக்கு நேராக இருக்க வேண்டும். படத்தின் பின்புற எழுத்தையும் எடுங்கள். பெயரும் திகதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சேதமான வீட்டையோ காணியையோ பதிவு செய்யும்போது மூன்று தூரங்களில் எடுங்கள்: சுற்றாடலுடன், முழுக் கட்டடமாக, சேதத்தின் கிட்ட. தொடங்குமுன் கமராவின் திகதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். அவை கோப்பினுள்ளேயே பதிவாகும். மூலக் கோப்பை வெட்டாமல், திருத்தாமல், இரண்டு வீடுகளில் இரண்டு கொப்பியாக வையுங்கள். வைபர், வட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பியது மூலக் கோப்பு ஆகாது. அது சுருங்கிவிடும், உள்ளே உள்ள விபரங்களும் போய்விடலாம்.

சுருக்கமாக: மாலையும் மண்டபமும் உங்கள் தொழில் என்றால் பாவித்த எஃப்.இசட். 1000. கடலும் பறவையும் என்றால் எஃப்.இசட். 300. நல்ல வெயிலில் தூரத்துப் பறவை மட்டும் என்றால் பி 900 அல்லது எஃப்.இசட். 80. பழைய படங்களைக் காப்பது மட்டுமே தேவை என்றால் கமரா வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். கையில் உள்ள தொலைபேசியால், யன்னல் வெளிச்சத்தில், இந்த வாரமே தொடங்குங்கள்.