கைமாறும் கடைசிக் கடமை

ஆம்பூர் என்றதும் தோலும் காலணியும் நினைவுக்கு வருகின்றன. அவ்வூரின் விளம்பரப் பலகைகளில் இடம் பெறாத ஒரு பணியைப் பற்றி எழுதவே நாம் இங்கு முற்படுகிறோம். மையித்தைக் குளிப்பாட்டுவதும் கபனிடுவதும் கப்ர் தோண்டுவதும் நம் ஊர்களில் பெரும்பாலும் சில குடும்பங்களின் பொறுப்பாகவே நடந்து வந்துள்ளன. தந்தை செய்தார், அருகில் நின்று தண்ணீர் எடுத்துக் கொடுத்த மகன் கற்றுக் கொண்டார். இன்று அம்மகனின் மகன் காலணித் தொழிற்சாலைக்குச் செல்கிறார். அவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும், அவர் விட்டுச் சென்ற இடத்தில் நிற்பவர் யார்?

நம் தந்தையார் மௌத்தான அன்று குளிப்பாட்ட வந்த முதியவர், "ஹஜ்ரத், அத்தாவுக்கு வலப்பக்கம் நீங்களே ஊற்றுங்கள்" என்றார். ஜனாஸாப் பாடத்தைப் பல்லாண்டுகள் மாணவர்க்கு நடத்திய நம் கை நடுங்கியது. கிதாபு மூலம் அறிந்ததைக் கை அறிந்திருக்கவில்லை. அந்த நாணமே நம்மைச் சரித்திரத்தின் பக்கம் திருப்பியது.

ஹிஜ்ரி 11-இல் (கி.பி. 632) பெருமானார் (ஸல்) அவர்கள் வபாத்தானபோது, மதீனாவில் கப்ர் தோண்டுவோர் இருவர் இருந்தனர். அபூ உபைதா (ரலி) மக்காவாசிகளின் வழக்கப்படி நடுவில் குழி வெட்டும் ஷக்கு முறையைக் கையாள்வார். அபூ தல்ஹா (ரலி) மதீனாவாசிகளின் வழக்கப்படி கிப்லாப் பக்கச் சுவரைக் குடைந்து லஹ்து அமைப்பார். அப்பாஸ் (ரலி) அவர்கள் இருவரிடமும் ஆளனுப்பினார்கள். அபூ தல்ஹா முதலில் வந்து சேர்ந்ததால் லஹ்தே தோண்டப்பட்டது. இவர் உஹதுப் போரின் சிறந்த வில்வீரர். மற்றவரோ பின்னாளில் ஷாம் நாட்டுப் படைகளின் தளபதி. கப்ர் தோண்டியதால் இவ்விருவரின் மதிப்பில் அணுவளவும் குறைந்ததா? இல்லையே!

பெண்களில் இக்கலைக்கு ஆசானாக விளங்கியவர் உம்மு அதிய்யா (ரலி). பெருமானாரின் மகளார் ஸைனப் (ரலி) அவர்களைக் குளிப்பாட்டிய பெண்களுள் அவரும் ஒருவர். இலந்தை இலை கலந்த நீரால் ஒற்றைப்படையாகக் குளிப்பாட்டுவது, வலப்புறத்தையும் உளூவின் உறுப்புகளையும் கொண்டு தொடங்குவது, இறுதி நீரில் கற்பூரம் சேர்ப்பது ஆகிய முறைகளை அவர் பெருமானாரிடமிருந்தே கற்றார். பின்னர், தம் மகனைக் காண பஸராவுக்கு விரைந்து வந்தார். ஆனால் மகனைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. எனினும் அவர் கற்றது அவரோடு முடிந்து விடவில்லை. இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களும் சகோதரி ஹப்ஸா (ரஹ்) அவர்களும் அவரிடமிருந்து அதைப் பெற்றுக் கொண்டார்கள்.

இப்னு ஸீரீன் துணி வணிகர். அனஸ் (ரலி) அவர்கள் தம்மைக் குளிப்பாட்ட வேண்டியவர் அவரே என்று வஸிய்யத் செய்திருந்தார்கள். அவர்கள் வபாத்தானபோது இப்னு ஸீரீன் கடனுக்காகச் சிறையில் இருந்தார். அனுமதி பெற்று வெளிவந்து, குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, மீண்டும் சிறைக்கே திரும்பினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

குடும்ப வழியாக இப்பணி கைமாறியதும் உண்டு. லண்டனில் 1941-இல் திறக்கப்பட்ட கிழக்கு லண்டன் பள்ளிவாசலில் பணியாற்றிய ஹாஜி தஸ்லீம் அலீ, அந்நிய மண்ணில் மரித்த முஸ்லிம்களுக்காக ஜனாஸாப் பணியகம் ஒன்றைத் தொடங்கினார். அவருக்குப் பின் மகன் குலாம் தஸ்லீம் அதனை ஏற்று நடத்தினார். 2020-இல் கொரோனாவால் ஜனாஸாக்கள் குவிந்தபோது, மூன்றாம் தலைமுறையும் அப்பணியில் நின்றது. பாராட்டத் தக்க குடும்பம்தான்! ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு தஸ்லீம் குடும்பம் வாய்க்குமா?

ஜனாஸாக் கடமை பர்ளு கிபாயா. சிலர் செய்தால் அனைவர் பொறுப்பும் நீங்கும். எவருமே செய்யாவிடில், அறிந்தும் வாளாவிருந்த அனைவரும் குற்றவாளிகள். சில குடும்பங்களின் உழைப்பில் நாம் தலைமுறை தலைமுறையாகப் பொறுப்பு நீங்கி வாழ்ந்திருக்கிறோம். அவர்களுக்கு உரிய கூலியையும் மதிப்பையும் கொடுத்தோமா? கபனுக்கும் அடக்கத்துக்குமான நியாயமான செலவு, வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன்பே மையித்தின் சொத்திலிருந்து எடுக்கப்பட வேண்டியது. அதில் பேரம் பேசுவது நமக்கு அழகன்று.

உறுதியான மண்ணுக்கு லஹ்து, சரியும் மண்ணுக்கு ஷக்கு என்பது கிதாபில் ஒரு வரி. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்பவரே அந்த வரிக்கு உயிர் கொடுக்கிறார். அத்தகைய பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, மஹல்லா தோறும் ஆண்களை அவர்களிடமும், பெண்களைக் குளிப்பாட்டத் தெரிந்த மூதாட்டியரிடமும் அனுப்பிக் கற்கச் செய்ய வேண்டும். மதரஸா ஆசிரியர்களாகிய நாமும் அந்த வரிசையில் மாணவர்களாக நிற்போம்.

அன்று அந்த முதியவர் நம் கையைப் பிடித்து, "மெதுவாக, ஹஜ்ரத், அவருக்கு வலிக்கும் என்று நினைத்துக்கொண்டு ஊற்றுங்கள்" என்றார். எந்தக் கிதாபிலிருந்தும் நாம் அதை இவ்வளவு தெளிவாகக் கற்றதில்லை. அவருடைய மகன் கற்காததை நம் மக்களேனும் கற்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக!